தாங்குவோரைத் தாங்குவது யார்?

செவிலியரைப் புகழ நாம் தயங்குவதே இல்லை. தன்னலமற்ற தியாகிகள் என்று மேடைதோறும் பாராட்டுகிறோம். அந்தத் தியாகத்தில் எவ்வளவு தேவையானது, எவ்வளவு நாமே அவர்கள்மேல் சுமத்தியது என்று மட்டும் கேட்பதில்லை. இக்கேள்விதான் பலரும் அறியாத ஒரு தொழிலுக்கு என்னை அழைத்துச் சென்றது.

அதன் பெயர் பணிச்சூழலியல். ஆங்கிலத்தில் எர்கோனாமிக்ஸ் என்பர். வேலை, நியதி எனப் பொருள்படும் இரு கிரேக்கச் சொற்களை இணைத்துப் போலந்து அறிஞர் வோய்ச்செக் யாஸ்ட்ஷெம்போவ்ஸ்கி 1857-ஆம் ஆண்டில் இப்பெயரை வழங்கினார். வேலைக்கேற்ப மனிதனை வளைக்காமல், மனிதனுக்கேற்ப வேலையை அமைப்பதே இதன் சாரம்.

நான் முதலில் இயன்முறை மருத்துவராகப் பணியாற்றினேன். இடுப்புவலியோடு என்னிடம் வந்தவர்களுள் பலர் அதே மருத்துவமனையின் செவிலியர். பயிற்சிகள் தந்து வலியைத் தணித்து அனுப்புவேன். அவர்கள் அதே வார்டுக்கு, அதே தாழ்ந்த கட்டில்களுக்குத் திரும்புவார்கள். சில வாரங்களில் வலியும் திரும்பிவிடும். 28 வயதுச் செவிலியர் ஒருவர், தாம் உயிராய் நேசித்த பணியை விட்டே விலகினார். முதுகுக்குச் செய்யும் மருத்துவத்தை அந்த வார்டுக்கும் செய்தாக வேண்டும் என்று அன்று உணர்ந்தேன்.

பொறியியல், உளவியல், வடிவமைப்பு, மருத்துவம் சார்ந்த படிப்புகள் என எவ்வழியிலும் இத்துறைக்கு வரலாம். நான் மேற்படிப்பை முடித்து, குறிப்பேடும் அளவு நாடாவுமாக மருத்துவமனைகளுக்குள் நுழைந்தேன். "நாற்காலி விற்க வந்தீர்களா?" என்று கேட்டவர்கள் உண்டு. எனக்கென்று காத்திருந்த பதவி எதுவும் இல்லை. வேலையின் பயனைக் காட்டித்தான் அதற்கு ஓர் இடத்தை உண்டாக்க வேண்டியிருந்தது.

"சரியாகக் குனியக் கற்றுக்கொடுங்கள், போதும்" என்றார் ஒரு நிர்வாகி. நான் கணக்கை எடுத்துரைத்தேன். அமெரிக்கத் தொழில்சார் பாதுகாப்பு, உடல்நல ஆய்வு நிறுவனம் 1991-இல் திருத்தியமைத்த கணக்கீட்டின்படி, எல்லாம் சாதகமாக இருக்கும்போதே ஒருவர் தூக்கத்தக்க சுமையின் வரம்பு 23 கிலோ. அது பெட்டி போன்ற அசையாத சுமைக்கு உரியது. நோயாளியோ வலியால் துடிப்பார், திடீரெனச் சரிவார். ஆகவே நோயாளியைத் தூக்குவதற்கான வரம்பைத் தாமஸ் வாட்டர்ஸ் என்னும் ஆய்வாளர் 2007-இல் ஏறத்தாழ 16 கிலோ என்று வகுத்தார். 70 கிலோ எடையுள்ளவரை இரு செவிலியர் தூக்கினால் ஆளுக்கு 35 கிலோ. எப்படிக் குனிந்தாலும் இந்தக் கணக்கு மாறாது.

ஒரு வார்டில் இரவுப்பணி முழுவதும் உடனிருந்து பார்த்தேன். கட்டிலை உயர்த்தும் சுழல்கைப்பிடிகள் துருப்பிடித்திருந்தன. நோயாளியைத் தூக்காமலே நகர்த்த உதவும் வழுக்குவிரிப்பு அலமாரிக்குள் பூட்டிக் கிடந்தது. தொலைந்தால் சரக்குப் பதிவேட்டுக்கு யார் பதில் சொல்வது என்ற அச்சமே காரணம். ஒவ்வொருவரும் பொறுத்துக்கொண்டதால் எவரும் முறையிடவில்லை. கைப்பிடிகளைப் பழுதுபார்க்கச் செய்தோம். விரிப்புகளைக் கட்டிலருகே கொக்கியில் தொங்கவிட்டோம். சில மாதங்களுக்குப் பின் மூத்த செவிலியர் ஒருவர், "சார், இப்போதெல்லாம் வேலை முடிந்து போய் என் பேரப்பிள்ளையைத் தூக்க முடிகிறது" என்றார். நான் பெற்ற சம்பளங்களுள் அதுவே பெரியது.

அன்பு வாசகரே, உங்கள் இல்லத்திலும் படுக்கையில் கிடக்கும் பெற்றோரை ஒருவர் நாள்தோறும் தூக்கிக்கொண்டிருக்கலாம். பெரும்பாலும் அது மனைவியாகவோ மகளாகவோ மருமகளாகவோ இருக்கும். அவருடைய பொறுமையைப் புகழுமுன் அந்தக் கட்டிலின் உயரத்தைப் பாருங்கள். நோயுற்றவருக்குச் செய்யும் சேவை புனிதமானது. துருப்பிடித்த கைப்பிடியில் புனிதம் ஏதுமில்லை.