இரண்டு டிரைவர், ஒரு நோட்டு

பலா சீசனில் பண்ருட்டி மண்டி வாசலில் லாரிகள் வரிசையாக நிற்பதைப் பார்க்கும்போதெல்லாம், என் கையால் எழுதிய ஒரு தப்புக் கணக்கு எனக்கு ஞாபகம் வரும். இருபத்தைந்து வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. இனி சொல்வதில் தவறில்லை.

1998-ல் என் மனைவியின் தம்பிகள் இருவரும் சேர்ந்து பத்து சக்கர லாரி ஒன்றைப் பழையதாக வாங்கினார்கள். விலை 4 லட்சம். அப்பா நிலத்தை விற்றதில் ஆளுக்கு 50,000 போட்டார்கள். மீதி 3 லட்சம் ஃபைனான்ஸ். இருவரிடமும் ஹெவி லைசென்ஸ் இருந்தது. நேஷனல் பர்மிட் வண்டியில் இரண்டு டிரைவர் இருக்க வேண்டும் என்பது 1989-ஆம் வருஷத்து மத்திய மோட்டார் வாகன விதி. ஒருவர் ஓட்டும்போது மற்றவர் கால் நீட்டிப் படுக்க இடம் வேண்டும் என்றுகூட அதில் இருந்தது. 2018-ல்தான் இரண்டு டிரைவர் கட்டாயத்தை எடுத்தார்கள்.

"வெளியாளுக்குச் சம்பளம் கிடையாது மாமா, அதுவே நமக்கு லாபம்" என்றான் பெரியவன். நானும் தலையாட்டினேன். அரசாங்க ஆபீஸில் கணக்கு எழுதுகிறவன் என்பதால் நோட்டு என் கைக்கு வந்தது.

பலாப்பழம் காத்திருக்காது. பம்பாய் சுமார் 1,300 கிலோமீட்டர். வழியில் ஒரு ராத்திரி தூங்கினால் வண்டியிலேயே பழுத்துவிடும். ஆகவே ஒருவர் மாற்றி ஒருவர் ஓட்டினார்கள். மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளிக்கு அன்றிருந்த 1961-ஆம் வருஷத்துச் சட்டப்படி நாளைக்கு 8 மணி நேர வேலை. சொந்த வண்டிக்காரனுக்கு நேரம் ஏது? வாஷி மார்க்கெட்டில் இறக்கிவிட்டு ரிட்டர்ன் லோடுக்கு இரண்டு நாள், மூன்று நாள் உட்கார்ந்திருப்பார்கள். கடைசியில் புரோக்கர் சொன்ன வாடகைக்கு வெங்காயம் ஏற்றிக்கொண்டு வருவார்கள்.

ஃபைனான்ஸில் 12 சதவீதம் வட்டி என்றார்கள். முழு 3 லட்சத்துக்கும் மூன்று வருஷத்துக்கு வட்டி 1,08,000. மொத்தம் 4,08,000. 36 தவணையில் மாதம் 11,333. மாதாமாதம் அசல் குறைகிறது, வட்டி மட்டும் குறையவில்லை. குறைகிற அசலுக்குக் கணக்குப் பார்த்தால் அது ஏறக்குறைய 21 சதவீதம். இதை நான் கண்டுபிடித்தபோது எட்டாவது தவணை கட்டியாகிவிட்டது.

வாடகையில் டீசல், படி, செக்போஸ்ட் செலவு, கமிஷன், தவணை எல்லாம் கழித்தால் சராசரி மாதம் 7,000 மிஞ்சியது. அதை மாதக் கடைசியில் சிவப்பு மையில் 'நிகர லாபம்' என்று எழுதுவேன். பெரியவனுக்குக் குடும்பம், 3,500 எடுத்துக்கொண்டான். சின்னவனுக்குக் கல்யாணமாகவில்லை. 1,500 மட்டும் வாங்கிக்கொண்டு, "மீதி அண்ணங்கிட்டயே இருக்கட்டும்" என்றான்.

கடைசித் தவணை கட்டிய மாதம் சின்னவனுக்குப் பெண் பார்த்தார்கள். தன் 72,000-ஐக் கேட்டான். அண்ணனிடம் ஒரு பைசா இல்லை. "மாமா நோட்டுல மாசாமாசம் லாபம்னு இருக்கே, பணம் எங்க போச்சு?" என்று நடுவீட்டில் நின்று கேட்டான். அன்று முதல் ஒரே வண்டியில் போகிற இருவரும் பேசிக்கொள்ளவில்லை. என் மனைவி இரண்டு வீட்டுக்கும் நடந்து அழுதாள்.

பணம் எங்கும் போகவில்லை, வண்டிக்குள்தான் போயிருந்தது. மூன்று வருஷத்தில் 20 டயர், ஒன்று 6,500 வீதம் 1,30,000. இன்ஜின் வேலையும் அதற்கு வாங்கிய கைமாற்று வட்டியுமாக 60,000. இதையெல்லாம் 'எப்போதாவது வரும் செலவு' என்று தனி நோட்டில் எழுதி வைத்திருந்தேன். சின்னவனின் 72,000 அதில்தான் கரைந்தது. மேற்கொண்டு 1,18,000 கடனும் நின்றது.

நான் புதுச்சேரியில் பிரெஞ்சு மீடியத்தில் படித்தவன். கணக்குப் பாடத்தில் 'அமோர்த்திஸ்மான்' என்று ஒரு சொல் வரும். அதன் நடுவே சாவு என்று பொருள்படும் 'மோர்' இருக்கிறது. கடன் கொஞ்சம் கொஞ்சமாகத் தீர்வதற்கும் அதே சொல், இயந்திரத்தின் மதிப்பு கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்வதற்கும் அதே சொல். பதினாறு வயதில் படித்ததை மறந்துவிட்டு, கடன் தீர்வதை மட்டும் எழுதினேன். வண்டி தேய்வதை எழுதவில்லை.

வண்டியை 1,75,000-க்கு விற்றோம். கடன் போக 57,000 கையில் நின்றது. ஒரு ஞாயிற்றுக்கிழமை இருவரையும் உட்காரவைத்துப் புதுத் தாளில் கணக்குப் போட்டேன். இருவரும் எடுத்தது 1,80,000. அதோடு இந்த 57,000. ஆக 2,37,000. முதல் 1 லட்சத்தைக் கழித்தால் 1,37,000. அன்று டிரைவர் சம்பளம் படி நீங்கலாக மாதம் 3,000. இருவரும் வெளியே ஓட்டியிருந்தால் மூன்று வருஷத்தில் 2,16,000 வந்திருக்கும். முதலாளி என்ற பெயருக்கு 79,000 கொடுத்திருக்கிறோம்.

சரிபாதிப் பங்கு 1,18,500. சின்னவன் எடுத்தது 54,000 என்பதால் அவனுக்கு 64,500 வர வேண்டும். பெரியவன் ஏற்கெனவே 7,500 அதிகம் எடுத்துவிட்டான். அதாவது 57,000 முழுவதும் தம்பிக்கு, மேற்கொண்டு 7,500-ம் தர வேண்டும். பெரியவன் தாளையே பார்த்துக்கொண்டிருந்தான். "தந்துடறேன்" என்றான்.

சின்னவன் 57,000-ஐ எண்ணி எடுத்துக்கொண்டான். "அது வேணாம்ணே, பசங்க ஃபீஸுக்கு வச்சுக்க" என்றான். நாலு மாதத்துக்குப் பிறகு அண்ணனிடம் பேசிய முதல் வார்த்தை அது.

பிறகு இருவரும் வேறு வேறு வண்டியில் சம்பளத்துக்குப் போனார்கள். அவர்கள் என்னை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. ஆனால் அந்தச் சிவப்பு மை என்னுடையது. சொந்த வண்டி ஓட்டும் பிள்ளைகள் யாராவது உங்கள் வீட்டில் இருந்தால், மாதக் கணக்கில் முதல் வரியில் ஓட்டுகிறவர் சம்பளத்தையும் இரண்டாம் வரியில் டயரையும் எழுதச் சொல்லுங்கள். அதற்குக் கீழே ஏதாவது மிஞ்சினால் அதைத்தான் லாபம் என்று சொல்லலாம்.