பேட்டரியும் நம் வீட்டுப் பழக்கங்களும்

டார்ச் விளக்கின் ஒளி மங்கத் தொடங்கியதும், உள்ளிருக்கும் கட்டைகளை எடுத்து முற்றத்து வெயிலில் காய வைப்பது ஒரு காலத்தில் நம் ஊர்களில் எல்லா வீட்டு வழக்கமாயிருந்தது. வானொலிப் பெட்டியின் கட்டைகளுக்கும் அதே வைத்தியந்தான். அதை வெறும் மூடப் பழக்கம் என்று தள்ளிவிடுவதற்கில்லை. அந்நாளைய உலர்ந்த மின்கலம் சூடேறும்போது, அதனுள் நிகழும் இரசாயன மாற்றம் சற்று விரைவு பெறும். அணையவிருந்த விளக்கு இன்னும் சில இரவுகள் எரியும். அந்தக் கட்டைகளோடு வளர்ந்த தலைமுறையினரின் கையில் இன்று கைபேசி இருக்கிறது. உள்ளிருக்கும் பேட்டரியோ முற்றிலும் வேறு குணமுடையது. வெயில் அதற்கு மருந்தன்று, நஞ்சு.

பங்குக் குருவுக்குப் பேட்டரியோடு என்ன வேலை என்று வாசகர்களுள் சிலர் புன்னகைக்கக்கூடும். வீடு சந்திக்கச் செல்லும்போது நாம் காண்பவற்றைச் சிறிது சொன்னால் அப்புன்னகை மறையும். நிலமோ நகையோ இல்லாத குடும்பங்கள் பலவற்றில், தவணைக்கு வாங்கிய கைபேசியே வீட்டிலுள்ளவற்றுள் விலையுயர்ந்த பொருள். வங்கியின் செய்தி அதில்தான் வருகிறது; எரிவாயு உருளைக்கு அதில்தான் பதிவு செய்கிறார்கள்; கடல் கடந்து உழைக்கும் மகனின் முகத்தை அதில்தான் காண்கிறார்கள். இரண்டு மூன்று ஆண்டுகளில் ‘சார்ஜ் நிற்கவில்லை’ என்ற பேச்சு எழுகிறது. அடுத்த வாரமே புதிய கைபேசிக்குக் கடன் எழுகிறது. பேட்டரி தேய்வது இயல்பு. அது விரைந்து தேய்வதில் நம் பழக்கங்களுக்கும் பங்குண்டு.

‘முற்றிலும் தீர்ந்து அணைந்த பிறகே சார்ஜ் போட வேண்டும், பாதியில் போட்டால் கெட்டுவிடும்’ என்பது நாம் அடிக்கடி கேட்கும் உபதேசம். ‘புதிதாய் வாங்கியதை எட்டு மணி நேரம் விடாமல் சார்ஜ் போட வேண்டும்’ என்பது கடைக்காரர்கள் சொல்லிக்கொடுத்த மற்றொன்று. இவை பொய்யாகப் பிறந்தவை அல்ல. முன்னர் வழக்கிலிருந்த நிக்கல்-காட்மியம் பேட்டரிகளை ஒவ்வொரு முறையும் ஒரே அளவுக்குப் பாதியளவில் தீர்த்துத் தீர்த்து நிரப்பினால், அவை அந்தப் பாதியையே தம் முழு அளவென்று கொண்டுவிட்டாற்போல நடந்துகொள்ளும் தன்மையுடையன. அவற்றை அவ்வப்போது முழுதும் தீர்ப்பதில் பொருள் இருந்தது. இன்றைய கைபேசிகளில் இருப்பது லித்தியம்-அயனிப் பேட்டரி. அதை அடியோடு தீரவிடுவது அதற்குத் துன்பமே தருகிறது.

இதன் பிறப்பும் அறியத்தக்கதே. 1970-களில் ஸ்டான்லி விட்டிங்காம் லித்தியத்தைக் கொண்டு மீண்டும் மீண்டும் நிரப்பத்தக்க பேட்டரிக்கு வழி கண்டார். 1980-இல் ஆக்ஸ்போர்டில் ஜான் குடினஃப், கோபால்ட் ஆக்சைடைப் பயன்படுத்தி அதன் ஆற்றலைப் பெருக்கினார். 1985-இல் ஜப்பானில் அகிரா யோஷினோ, தீப்பற்றும் தூய லித்திய உலோகத்தை விலக்கி, அதன் இடத்தில் கரிமப் பொருளை வைத்துப் பாதுகாப்பான வடிவம் கொடுத்தார். 1991-இல் சோனி நிறுவனம் அதை விற்பனைக்குக் கொண்டுவந்தது. மூவருக்கும் 2019-இல் வேதியியலுக்கான நோபல் பரிசு கிடைத்தபோது குடினஃபுக்கு வயது 97. வயது முதிர்ந்தோர் ‘இனி நமக்கென்ன’ என்று நம்மிடம் சலித்துக்கொள்ளும்போது இவரை எடுத்துக்காட்டுவது நம் வழக்கம்.

இப்பேட்டரிக்குள் இரு பக்கங்கள் உண்டு. சார்ஜ் ஏறும்போது லித்தியம் அயனிகள் ஒரு பக்கத்திலிருந்து புறப்பட்டு மறுபக்கத்திலுள்ள கரிம அடுக்குகளுக்குள் சென்று அமர்கின்றன. கைபேசியை நாம் பயன்படுத்தும்போது திரும்பி வருகின்றன. திருநாளன்று ஆலயத்தில் மக்கள் வந்து அமர்வதை நினைத்துக்கொள்ளுங்கள். முதலில் வருவோர் விரைந்து இடம் பிடிக்கிறார்கள். முக்கால் ஆலயம் நிரம்பிய பின் வருவோர் ‘சற்று நகருங்கள்’ என்று கேட்டுக் கேட்டு உட்புக வேண்டியிருக்கிறது. இருபதிலிருந்து எண்பது விழுக்காடு வரை சார்ஜ் விரைந்து ஏறுவதும், எண்பதுக்கு மேல் ஆமை வேகத்தில் நகர்வதும் இதனாலேயே. நூறு விழுக்காட்டில் ஒவ்வொரு கலமும் சுமார் 4.2 வோல்ட் அழுத்தத்தில் நெருக்குண்டு நிற்கிறது. அந்நிலையில் நெடுநேரம் நிறுத்தி வைத்தால் உள்ளே வேண்டாத இரசாயன வினைகள் மிகுந்து, லித்தியத்தின் சிறு பகுதி மீளாதபடி படலமாய் ஒட்டிக்கொள்கிறது. நாம் தேய்மானம் என்று சொல்வதில் பெரும்பகுதி இதுவே.

இத்தேய்மானத்தை விரைவுபடுத்துவதில் வெப்பத்துக்கு இணை வேறில்லை. தம் கைபேசிகளை 35 பாகைக்கு மேற்பட்ட சூழலில் பயன்படுத்துவதைத் தவிர்க்கும்படி ஆப்பிள் நிறுவனம் அறிவுரை கூறுகிறது. சித்திரை வைகாசியில் நம் ஊர்களின் நிழலிலேயே அதற்கு மேல் கொதிக்கிறது! ஆகவே குளிர்நாட்டாரைவிட நாம் கூடுதல் கவனம் கொள்ள வேண்டியவர்கள். ஆனால் நாம் காண்பதென்ன? ஆட்டோவின் முன்கண்ணாடியருகே நண்பகல் வெயிலில் கைபேசி, அடுப்பங்கரையில் சார்ஜ், தலையணைக்கடியில் சார்ஜ், தடித்த உறையைக்கூடக் கழற்றாமல், சார்ஜ் ஏறிக்கொண்டிருக்கும்போதே ஒரு மணி நேரம் காணொலியில் பேச்சு. பிள்ளைகள் விளையாடி விளையாடிக் கை பொறுக்காத சூட்டில் இருக்கும் கைபேசியை அப்படியே சார்ஜில் செருகுவதும் உண்டு. அது ஆறட்டும். காற்றோட்டமுள்ள மேசைமீது வைத்து, உறையை நீக்கி, ஓய்வாகச் சார்ஜ் ஏறவிடுவதற்குச் செலவு ஒன்றுமில்லை.

‘இரவெல்லாம் சார்ஜில் விட்டால் வெடித்துவிடுமா, சாமி?’ என்று பலர் அஞ்சிக் கேட்கிறார்கள். நல்ல நிலையிலுள்ள கைபேசி, நிரம்பியதும் சார்ஜ் ஏறுவதைத் தானே நிறுத்திக்கொள்ளும். அதற்கான மின்சுற்று அதனுள்ளேயே இருக்கிறது. 2016-இல் சாம்சங் கேலக்ஸி நோட் 7 கைபேசிகள் தீப்பற்றித் திரும்பப் பெறப்பட்டது உண்மை. அங்கே குற்றம் பேட்டரியின் வடிவமைப்பிலும் தயாரிப்பிலும் இருந்ததென்று பின்னர் தெளிவாயிற்று. ஆயினும் இரவு முழுதும் சார்ஜில் விட்டால், விடியும்வரை நூறு விழுக்காட்டின் நெருக்கடியிலேயே பேட்டரி நிற்கிறது. வெடிக்காது, தேயும். படுக்கையில் மெத்தைமீது வைத்துச் சார்ஜ் போடுவதும், தரமற்ற மலிவுச் சார்ஜரை நம்புவதும் வேறு வகையான ஆபத்துகள். இவற்றில் நாம் எவருக்கும் சலுகை காட்டுவதில்லை.

எப்போதும் நிரப்பியே வைக்கும் பழக்கம் நம் மக்களுக்கு எப்படி வந்தது என்பதையும் மறக்கலாகாது. 2012-ஆம் ஆண்டை ஒட்டித் தமிழ்நாட்டுக் கிராமங்களில் நாளில் பல மணி நேரம் மின்சாரம் இல்லாதிருந்ததே! மின்சாரம் வந்த நொடியில் ஓடிச்சென்று செருகியவர்கள் அறிவீனர்கள் அல்லர். அந்த அச்சம் மட்டும் இன்னும் விரல்களில் தங்கியிருக்கிறது.

அச்சம் எதுவரை செல்லும் என்பதை ஓர் இரவில் கண்டோம். குவைத்தில் வேலை பார்க்கும் ஓர் இளைஞர் பங்கு இல்லத்துக்குத் தொலைபேசியில் அழைத்தார். தனியே வாழும் தாயாரின் கைபேசி மூன்று நாள்களாக ஒலிக்கவில்லை என்று சொல்லும்போதே அவர் குரல் உடைந்தது. உபதேசியாரை அழைத்துக்கொண்டு உடனே சென்றோம். அம்மா திண்ணையில் நலமாக அமர்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். கைபேசி எங்கே என்றதும், தகரப் பெட்டியைத் திறந்து, பட்டுத் துணியில் சுற்றியிருந்ததை எடுத்து நீட்டினார். “தேஞ்சு போயிடும்னு கடைக்காரத் தம்பி சொல்லிச்சு, சாமி. எம்மவன் வேர்வை சிந்தி வாங்கிக் கொடுத்தது. அதான் முழுசா சார்ஜ் ஏத்தி அணைச்சு வச்சிருக்கேன். ஞாயித்துக்கிழமை மட்டும் எடுப்பேன்” என்றார். தகரக் கூரையின் கீழ், கோடையில், நூறு விழுக்காடு நிரம்பிய பேட்டரி பெட்டிக்குள் பூட்டிக் கிடந்தது! பேட்டரி தேய வேண்டும் என்று விரும்புவோன் அதைத்தான் செய்வான். நெடுநாள் பயன்படுத்தாமல் வைக்க நேர்ந்தால், பாதியளவு சார்ஜோடு குளிர்ந்த இடத்தில் வைப்பதே முறை. இதையெல்லாம் அன்றிரவு அவரிடம் விரித்துரைக்கவில்லை. “உங்கள் மகன் அழைக்கும்போது ஒலிக்காத கைபேசி புதிதாய் இருந்தென்ன, அம்மா?” என்று மட்டும் கேட்டுவிட்டு, அதைத் திறந்து அவர் கையில் கொடுத்தோம். மறுமுனையில் மகன் அழுததை நாமும் உபதேசியாரும் கேளாதவர்போல் வாசலுக்கு வந்து நின்றோம்.

மறுபுறம், படித்த இளைஞர் சிலர் எண்பதைத் தாண்டிவிட்டதே என்று நள்ளிரவில் எழுந்து பிடுங்குகிறார்கள். நுண்ணிய பாவங்களை எண்ணி எண்ணிப் பாவசங்கீர்த்தனத் தொட்டியை விட்டு அகலாத ஆன்மாக்களைக் குறித்துக் குருமடத்தில் நமக்குக் கற்பித்தார்கள். இவர்களைக் காணும்போது அப்பாடம் நினைவுக்கு வருகிறது. வேளாங்கண்ணிக்குப் பயணம் போகும் நாளில் நூறு விழுக்காடு நிரப்பிக்கொள்வதில் தவறேதுமில்லை. அன்றாடத்தில் இருபதுக்குக் கீழே போகவிடாமலும், எண்பது தொண்ணூறில் எடுத்தும் பழகினால் போதும். இப்போது பல கைபேசிகளின் அமைப்புகளில், எண்பதில் தானே நின்றுவிடும் ஏற்பாடு இருக்கிறது. வீட்டுப் பிள்ளைகளிடம் கேட்டால் ஒரு நிமிடத்தில் அமைத்துத் தருவார்கள். சார்ஜ் போடும் தடவைகளை எண்ணி அஞ்சவும் வேண்டாம். இன்று ஐம்பது விழுக்காடு, நாளை ஐம்பது விழுக்காடு ஏற்றினால், இரண்டும் சேர்ந்தே ஒரு முழுச் சுற்று. இத்தகைய 500 முழுச் சுற்றுகளுக்குப் பின்னும் தொடக்கத் திறனில் எண்பது விழுக்காடு நிற்கும் வகையில் செய்யப்பட்டவை என்று ஐபோன் 14 வரையிலான தன் கைபேசிகளைக் குறித்து ஆப்பிள் கூறுகிறது. ஐபோன் 15 முதல் அது 1000 சுற்றுகள்.

எவ்வளவு பேணினாலும் ஒருநாள் பேட்டரி தளரத்தான் செய்யும். அப்போது தளர்ந்தது பேட்டரி மட்டுமே என்பதை உணராமல் முழுக் கைபேசியையும் வீசிவிடுகிறோம். கல்லூரிக் கட்டணத்துக்கென்று சேர்த்த பணத்தில் மகளுக்குப் புதிய கைபேசி வாங்கப் புறப்பட்ட கொத்தனார் ஒருவரை, முதலில் பழுது பார்க்கும் கடைக்குப் போகச் சொன்னோம். புதிய பேட்டரியோடு பழைய கைபேசி எழுந்து நடந்தது. கட்டணமும் உரிய நாளில் கட்டப்பட்டது. பேட்டரி தளர்ந்தால் கைபேசியின் வேகமும் குறையக்கூடும். பழைய பேட்டரி கொண்ட ஐபோன்களின் வேகத்தைத் தான் குறைத்து வைத்ததை 2017 டிசம்பரில் ஆப்பிள் ஒப்புக்கொண்டு, பேட்டரி மாற்றும் கட்டணத்தை அமெரிக்காவில் 79 டாலரிலிருந்து 29 டாலராகத் தாழ்த்தியது. முன்பெல்லாம் நகத்தால் நெம்பிப் பின்மூடியைத் திறந்து பேட்டரியை நாமே மாற்றினோம். இப்போது ஒட்டி மூடிவிடுகிறார்கள். ஐரோப்பிய ஒன்றியம் 2023-இல் இயற்றிய பேட்டரிச் சட்டம், பயன்படுத்துவோரே கழற்றி மாற்றும்படி கருவிகள் அமைய வேண்டும் என்ற பொதுவிதியைச் சில விலக்குகளோடு 2027 பெப்ருவரிக்கு நிர்ணயித்திருக்கிறது. நம் நாட்டில் 2022-இன் பேட்டரிக் கழிவு விதிகள், பழைய பேட்டரிகளைத் திரும்பச் சேகரிக்கும் பொறுப்பை உற்பத்தியாளர்மீது சுமத்தியுள்ளன.

கைபேசியின் முதுகு புடைத்தாலோ, திரை ஒரு பக்கம் தூக்கிக்கொண்டாலோ, உள்ளே பேட்டரி வாயு நிறைந்து உப்பிவிட்டது என்று கொள்க. அதற்கு மேல் சார்ஜ் போடாதீர்கள். அழுத்தவோ குத்தவோ வேண்டாம்; பிள்ளைகளின் கைக்கு எட்டாமல் வைத்து, அன்றே பழுது பார்ப்பவரிடம் ஒப்படைத்துவிடுங்கள். வீட்டுக் குப்பையோடு போட்டால், குப்பை வண்டியில் நசுங்கித் தீப்பிடிக்கும். அந்த வண்டியில் வேலை செய்வோர் நம் பங்கிலும் இருக்கிறார்கள்.