குதிரை தலையாட்டுதா? கொடைக்கானல் ஏரிக்கரையில் கொஞ்சம் கவனிங்க!

கொடைக்கானல் ஏரியை ஒரு முழுச் சுற்று சுற்றினால் சுமார் 5 கிலோமீட்டர். நடக்கலாம், வாடகை சைக்கிளில் போகலாம். ஆனால் வீட்டில் வாண்டுகள் இருந்தால் இரண்டுமே நடக்காது. படகுத்துறை பக்கம் நிற்கும் குதிரைகளைப் பார்த்ததுமே அடம் ஆரம்பித்துவிடும்.

மதுரை கலெக்டர் லெவிஞ்ச் முயற்சியில் 1863-ல் உருவான ஏரி இது. சுற்றிலும் தார்ச்சாலை. நமக்கு சுகமான அந்தச் சாலைதான் குதிரைக்குக் கடினம். சரளைக் கல், துருப்பிடித்த ஆணி, உடைந்த பாட்டில் துண்டு என எது வேண்டுமானாலும் குளம்பில் ஏறலாம். மழைக்காலத்தில் இன்னும் மோசம். ஈரத்திலேயே நிற்கும் குளம்பு ஊறி மெத்தென்று ஆகிவிடும். சின்னக் கல்லும் உள்ளே இறங்கிவிடும்.

நேற்று வரை நன்றாக நடந்த குதிரை இன்று காலை திடீரென்று நொண்டினால், பெரும்பாலும் கோளாறு குளம்பில்தான் இருக்கும். அதிலும் முன்னங்கால்களில்தான் அதிகம். குதிரையின் எடையில் கிட்டத்தட்ட 60 சதவீதத்தை முன்னங்கால்கள்தான் தாங்குகின்றன.

எந்தக் கால் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? குதிரைக்காரர்கள் காலைப் பார்ப்பதற்கு முன் தலையைப் பார்ப்பார்கள். வலிக்கும் முன்னங்கால் தரையில் படும்போது குதிரை தலையைச் சட்டென்று மேலே தூக்கும். நல்ல கால் படும்போது தலை கீழே இறங்கும். நடக்கும்போது எல்லாக் குதிரைகளுமே கொஞ்சம் தலையசைக்கும். அது ஒரே சீராக இருக்கும். அந்தச் சீர் தப்பினால்தான் சந்தேகப்பட வேண்டும். மெதுவாக ஓடவிட்டால் இன்னும் பளிச்சென்று தெரியும். மேலே உட்கார்ந்திருக்கும் குழந்தை 'அப்பா, குதிரை தலையாட்டுது' என்று கைதட்டிச் சிரிக்கும். பாவம், அது வலியில் போடும் கணக்கு!

அப்புறம் செய்ய வேண்டியது, உடனே நிறுத்துவது. சவாரி செய்பவரை இறக்கிவிட்டு, காலைத் தூக்கி, குளம்பில் அடைந்த மண்ணைச் சுரண்டிப் பார்க்க வேண்டும். கல் சிக்கியிருந்தால் எடுத்ததுமே பாதி வலி போய்விடும். லாடம் ஆடுகிறதா, லாட ஆணி வளைந்திருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். ஆனால், ஆணி ஆழமாக ஏறியிருந்தால் அவசரப்பட்டுப் பிடுங்கக் கூடாது. எந்த இடத்தில், எவ்வளவு ஆழத்தில், எந்தக் கோணத்தில் போயிருக்கிறது என்பது டாக்டருக்குத் தெரிய வேண்டும். பிடுங்கிவிட்டால் ஓட்டை மூடிக்கொள்ளும், தேடுவது சிரமம். டாக்டர் வரும்வரை ஆணி மேலும் உள்ளே இறங்காதபடி குதிரையை அசையாமல் நிறுத்தி வைப்பதே நல்லது.

கல்லும் இல்லை, ஆணியும் இல்லை, ஆனால் காலை ஊன்றவே மாட்டேன் என்கிறதா? குளம்பு சுடுகிறதா என்று தொட்டுப் பார்த்து, மற்றக் குளம்போடு ஒப்பிட வேண்டும். உள்ளே சீழ் கட்டியிருந்தால் குதிரை மூன்று காலில் நிற்கும். எலும்பு முறிந்துவிட்டதோ என்று பயப்படும் அளவுக்கு இருக்கும். டாக்டர் சீழை வெளியேற்றிவிட்டால் ஓரிரு நாளில் காலை ஊன்றத் தொடங்கிவிடும். வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரில் குளம்பை ஊற வைத்து, அழுக்குப் படாமல் கட்டி வைப்பதெல்லாம் அதற்குப் பிறகான வைத்தியம். குளம்பில் காயம் என்றால் டெட்டனஸ் ஊசி மிக முக்கியம். குதிரையை எளிதில் தாக்கும் நோய் அது. வந்துவிட்டால் காப்பாற்றுவது கஷ்டம்.

இதில் சிக்கலே சீசன்தான். ஏப்ரல், மே மாதங்களில் சம்பாதிப்பதை வைத்துத்தான் மழைக்காலத்தை ஓட்ட வேண்டும். குதிரை படுத்தால் வருமானம் நிற்கும்; அதன் தீனிச் செலவு நிற்காது. அதனால் ஒரு வலி மாத்திரையைக் கொடுத்து ஓட்டிவிடலாம் என்று தோன்றுவது இயல்பு. ஆனால் மாத்திரை வலியைத்தான் மறைக்கும், காயத்தை அல்ல. வலி தெரியாத குதிரை அதே காலை அழுத்தி ஊன்றும். இரண்டு நாள் ஓய்வில் சரியாகக்கூடியது இரண்டு மாதமாக இழுக்கும். மூட்டுப் பக்கம் காயமோ வீக்கமோ இருந்தால் ஒரு மணி நேரம்கூடத் தள்ளிப்போடக் கூடாது. வளைந்து வளைந்து இறங்கும் மலைப்பாதையில் நொண்டும் குதிரையை வண்டியேற்றிக் கீழே கொண்டுபோவது லேசான காரியம் இல்லை. அதனால் முதலில் டாக்டரை குதிரை இருக்கும் இடத்துக்கு வரவழைக்கப் பார்க்க வேண்டும். தமிழ்நாட்டில் 1962 என்ற எண்ணில் நடமாடும் கால்நடை மருத்துவ உதவியைக் கேட்கலாம்.

சவாரி போகிறவர்களும் கொஞ்சம் கவனிக்கலாம். சேணத்தையும் சேர்த்து, தன் எடையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் குதிரை சுமக்கக் கூடாது என்பது பொதுவான கணக்கு. 300 கிலோ மட்டக்குதிரைக்கு 60 கிலோதான். எண்பது கிலோ அப்பாக்கள் கீழே நின்று போட்டோ எடுப்பதே உத்தமம்!

ஏறுவதற்கு முன், குதிரையைப் பத்தடி நடத்திக் காட்டச் சொல்லுங்கள். பாதி வழியில் தலை ஒரு பக்கமாகத் துள்ளினால், 'அண்ணே, கொஞ்சம் நிறுத்துங்க' என்று இறங்கிவிடுங்கள். பேசிய காசை முழுசாகக் கொடுத்துவிடுங்கள். பாதிக் காசுதான் கிடைக்கும் என்றால் எந்தக் குதிரைக்காரருக்கும் நிறுத்த மனசு வராது.