மாமாவின் ஆட்டோ பஞ்ச்

பள்ளி விடுமுறை விட்டால் போதும், கோவை கணபதியில் இருந்த மாமாவின் லேத்துப் பட்டறையில்தான் இருப்பேன். கோவையில் அப்போது தெருவுக்குத் தெரு பட்டறை. 1937இல் ஜி.டி. நாயுடுவும் பாலசுந்தரமும் மின்மோட்டார் செய்து காட்டிய ஊர் அது. மோட்டாருக்குப் பின்னால் பம்ப் வந்தது, பம்புக்கு வார்ப்படம், வார்ப்படத்துக்கு லேத் என்று ஒன்றை ஒன்று இழுத்து வந்தது. மாமாவுக்குப் பெரும்பாலும் பம்ப் ஃபிளாஞ்சுகளுக்குத் துளை போடும் ஜாப் ஒர்க்.

வார்ப்பிரும்பு சுருளாக வராது, கருந்தூளாக உதிரும். விரல்ரேகைக்குள் இறங்கிவிட்டால் சீயக்காய் போட்டுத் தேய்த்தாலும் போகாது. வாசற்படி ஏறியதும் அத்தை என் முகத்தைப் பார்க்கமாட்டார், கையைத்தான் பார்ப்பார்.

துளை போடுவதற்கு முன் நடக்கும் வேலைதான் எனக்குப் பிடிக்கும். ஃபிளாஞ்சின் முகத்தில் சாக்பீஸைத் தேய்த்து, டிவைடரால் வட்டம் கீறுவார் மாமா. பிறகு டிவைடரின் விரிப்பை மாற்றாமல், அதே அளவில் வட்டத்தின் மேலேயே காலெடுத்து வைத்துப் போவார். ஆறாவது அடியில் அது புறப்பட்ட இடத்துக்கே வந்து நிற்கும். ஆறு போல்ட்டுக்கு ஆறு இடம். பின்னாளில் வகுப்பில் ஒழுங்கு அறுகோணம் வரைந்து காட்டியபோது, அதை இரும்பில் பார்த்தவளாக உட்கார்ந்திருந்தேன். பளபளப்பான எஃகுத் தகடு வந்தால் சாக்பீஸ் கிடையாது, மயில்துத்தக் கரைசல். நீலத் தண்ணீரைத் தடவினால் எஃகின் மேல் செம்பு படியும். அதில் ஸ்க்ரைபரால் இழுத்த கோடு வெள்ளியாக மின்னும். அந்த நிறமாற்றத்தைப் பார்க்கவே தகடு வேலை வராதா என்று காத்திருப்பேன்.

கோடுகள் வெட்டிக்கொள்ளும் இடத்தில் புள்ளி விழ வேண்டும். டிரில் பிட்டின் நுனி கூராகத் தெரிந்தாலும், நடுவில் சின்னதாக ஒரு உளி விளிம்பு உண்டு. அது வெட்டாது, தேய்க்கத்தான் செய்யும். வழவழப்பான இரும்பில் வைத்து ஓட்டினால் நகர்ந்து நகர்ந்து வேறெங்கோ போய்க் குடையும்.

"அம்மிணி, பிட்டுக்குக் கண்ணு கெடையாது. எங்க நிக்கோணும்னு நாமதான் சொல்லோணும்" என்பார் மாமா.

அப்படிச் சொல்ல மற்றவர்கள் சுத்தியலைத் தேடுவார்கள். முதலில் 60 டிகிரி முனையுள்ள டாட் பஞ்சால் லேசாக ஒரு தட்டு. இடம் சரியென்றால் 90 டிகிரி சென்டர் பஞ்சால் ஆழமாக ஒன்று. ஒரு கை பஞ்சுக்கு, ஒரு கை சுத்தியலுக்கு. அடிக்கிற நேரம் பார்த்துக் கண் சுத்தியல் பக்கம் போகும், முனை மயிரிழை விலகும். மாமாவிடம் ஆட்டோ பஞ்ச் இருந்தது. பேனாவைவிடக் கொஞ்சம் தடிமன், பிடி வழுக்காதிருக்கச் சொரசொரப்பாக வரிபோட்ட உடல், அதில் ஸ்டாரட் என்று பொறித்த எழுத்து. அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலத்து ஆத்தல் என்ற சிற்றூரில் 1880இல் தொடங்கிய கம்பெனி அது. முனையைக் கோட்டுச் சந்திப்பில் வைத்து மேலிருந்து அழுத்தினால் போதும். உள்ளே எதுவோ இறுகி இறுகி, டக்கென்று ஒரே அடி. எனக்குப் பலம் போதாது. இரண்டு உள்ளங்கையையும் வைத்து உடம்போடு சாய்வேன்.

சுத்தியல் எங்கே இருக்கிறது என்று நச்சரித்ததில், ஒருநாள் தினத்தந்தியை விரித்து அதன்மேல் கழற்றிக் காட்டினார். பெரிய ஸ்பிரிங் ஒன்று, சின்னது ஒன்று, நடுவில் துளையுள்ள உருளைக் கட்டை. கட்டைதான் சுத்தியல். முனையோடு சேர்ந்த மெல்லிய தண்டைச் சின்ன ஸ்பிரிங் சற்றே சாய்த்து வைத்திருக்கும். அதனால் தண்டு கட்டையின் துளைக்குள் போகாமல் விளிம்பில் முட்டிக் கட்டையை மேலே தள்ளும். பெரிய ஸ்பிரிங் இறுகும். ஓரிடத்தில் உடலின் உட்சுவர் சரிந்து குறுகுகிறது. அங்கே வந்ததும் தண்டு நிமிர்ந்து துளைக்கு நேராகிவிடும். தாங்கலை இழந்த கட்டை பாய்ந்து வந்து முனையை அறையும். தலைமூடியைத் திருகினால் அடியின் வேகம் கூடும், குறையும். இதைவிட அழகான பொறியமைப்பை நான் இன்னும் கையில் எடுத்துப் பார்க்கவில்லை.

ஒரு சித்திரை முகூர்த்த நாள். பட்டறைக்கு எதிரே இருந்த மண்டபத்து வாசலில் மாருதி கார் ஒன்று; உள்ளே பின்சீட்டில் ஒரு குழந்தை. சாவியும் உள்ளே. யாரோ பட்டனை அழுத்திவிட்டுக் கதவைச் சாத்தியிருக்கிறார்கள். நல்ல வெயில். குழந்தை அழுது முகம் சிவந்து கிடந்தது, தாய் கண்ணாடியைத் தட்டித் தட்டிக் கதறினார். ஒருவர் கருங்கல்லை எடுத்து ஓங்கி அடித்தார், கல் எகிறிவிட்டது.

மாமா ஓடிவந்தார். "கல்ல வெக்காதீங்க, உடைஞ்சா கல்லும் சேர்ந்து குழந்தை மேல போயிருமுங்க!" என்றவர், குழந்தை இருந்த பக்கத்துக்கே போகவில்லை. எதிர்ப்புறம் முன்கதவுக்குப் போய், பஞ்சின் தலைமூடியைக் கடைசிவரை முறுக்கி, கண்ணாடியின் கீழ்மூலையில் முனையை வைத்து அழுத்தினார். டக். கண்ணாடி முழுதும் ஒரே நொடியில் வெளுத்து, கல்கண்டாகச் சொரிந்தது. காட்டன் வேஸ்ட்டைக் கையில் சுற்றி மிச்சத்தைத் தள்ளிவிட்டு, கையை விட்டுக் கதவைத் திறந்தார். குழந்தை பிழைத்தது. அந்தத் தாய் மாமாவின் கையைப் பிடித்துக்கொண்டு அழுததை நினைத்தால் இன்றும் எனக்குத் தொண்டை அடைக்கும்.

கல்லுக்கு உடையாதது முனைக்கு உடைந்த காரணத்தைக் கல்லூரியில்தான் படித்தேன். டெம்பர்டு வகையான அந்தக் கண்ணாடியை 600 டிகிரிக்கு மேல் சூடாக்கி, இருபுறமும் காற்றைப் பீய்ச்சிக் குளிரவைக்கிறார்கள். மேற்பரப்பு முதலில் இறுகிவிடும். உட்பகுதி பிறகு சுருங்கப் பார்த்து மேற்பரப்பை உள்ளே இழுக்கும். அந்த இழுபறியோடுதான் கண்ணாடி காலமெல்லாம் நிற்கிறது. மழுங்கிய அடி மேல்தோலோடு போய்விடும். ஊசிமுனை தோலைக் கடந்து உள்ளே இறங்கினால் சேர்ந்திருந்த விசை மொத்தமும் அவிழ்ந்துவிடும். ஸ்பிரிங்கில் சேர்ந்த விசை கண்ணாடிக்குள் சேர்ந்திருந்த விசையைத் திறந்துவிட்டது.

வெள்ளத்தில் கார் இறங்கும் செய்தியைப் படிக்கும்போதெல்லாம் இந்தக் கருவியை நினைப்பேன். வெளியே நிற்கும் நீரின் அழுத்தத்தில் கதவு திறக்காது. நீருக்குள் சுத்தியலை வீசினால் வேகம் செத்துவிடும். பஞ்சுக்கு வீச்சே வேண்டாம், அழுத்தினால் போதும். ஆனால் டிக்கியில் கிடந்தால் பயனில்லை. முன்கண்ணாடியில் முயல்வதும் வீண்: இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவே பிளாஸ்டிக் படலம் ஒட்டிய லேமினேட்டட் வகை அது, விரிசல் விடும், வழிவிடாது. சில புதிய கார்களில் பக்கக் கண்ணாடியும் அந்த வகைதான். பெரும்பாலும் கண்ணாடியின் மூலையிலேயே பொடி எழுத்தில் அச்சிட்டிருப்பார்கள். கார் வாங்கிய அன்று நான்கு கதவுகளிலும் குனிந்து அதைப் படித்தேன். எல்லாம் டெம்பர்டு. அதன் பிறகே டிரைவர் கதவின் பைக்குள் பஞ்சை வைத்தேன்.