எப்போ நிறுத்தலாம், சார்?

மூட்டுவலி என்று வருகிறவர்களிடம் கையைப் பார்க்குமுன் பையைக் கேட்பேன். மஞ்சள் பையோ கட்டைப்பையோ, எல்லாம் அதற்குள் இருக்கும்: திருச்சியில் எடுத்த எக்ஸ்ரே, நாலைந்து லேப் ரிப்போர்ட், பழைய ஹார்லிக்ஸ் பாட்டிலில் ஏதோ ஒரு பொடி, அடியில் காகிதப் பொட்டலத்தில் மாத்திரைகள். அட்டையோடு கொடுத்திருந்தாலும் பெயர் அச்சடித்த பக்கம் கத்தரிபட்டுப் போயிருக்கும்.

பெரம்பலூரில் உட்கார்ந்து வைத்தியம் பார்க்கிற பொதுமருத்துவன் நான். வேப்பந்தட்டை, குன்னம், செந்துறை, ஆண்டிமடம் என்று பெரம்பலூர், அரியலூர் இரண்டு மாவட்டத்துக்காரர்களும் வருகிறார்கள். "ஆர்.ஏ. பாசிட்டிவ்" என்று ரிப்போர்ட்டை நீட்டுகிறவர்கள் குறைவு. "விடியக்காலைல விரல மடக்க முடியல சார், பருத்தி எடுக்கப் போக முடியல" என்பார்கள். அரியலூர்ப் பக்கத்துக்காரர் என்றால் "முந்திரி உடைக்க முடியல." விரல் இறுக்கம் தளர எவ்வளவு நேரமாகிறது என்று கேட்டால், "வெயில் ஏறுற வரைக்கும்" என்று பதில் வரும். முடக்குவாதத்தைப் பற்றிப் பாடப் புத்தகம் ஒரு மணி நேரத்துக்கு மேல் என்று சொல்வதும் அதைத்தான்.

அடுத்த வாக்கியம் அநேகமாக இது: "எது வேணா எழுதுங்க சார், ஸ்டீராய்டு மட்டும் வேண்டாம்."

இதைச் சொல்கிற அம்மாவுக்குக் கன்னம் இரண்டும் உப்பியிருக்கும். பிடரிக்குக் கீழே சதை திரண்டிருக்கும். முன்கைத் தோல் மெலிந்து, வளையல் இடித்த இடமெல்லாம் கருநீலத் திட்டு விழுந்திருக்கும். பொட்டலத்தைப் பிரித்தால் காலை ஒன்று, ராத்திரி ஒன்று என்று பொடிப்பொடியாக வெள்ளை மாத்திரை. வருடக்கணக்கில் அவர் சாப்பிட்டு வருவது ஸ்டீராய்டுதான். ஷெட்யூல் எச் பட்டியலில் உள்ள மருந்து, சீட்டில்லாமல் விற்கக் கூடாது என்பது சட்டம். சட்டம் கடையின் கண்ணாடி அலமாரிக்கு வெளியே நிற்கிறது.

"அரை மில்லிதானே சார், இது சின்ன மாத்திரை" என்று சிலர் வாதிடுவார்கள். அரை மில்லிகிராம் பீட்டாமெத்தசோன் ஏறக்குறைய 4 மில்லிகிராம் பிரெட்னிசலோனுக்குச் சமம். நான் 5 மில்லிகிராம் பிரெட்னிசலோன் எழுதினால் "அஞ்சு" என்று பயப்படுகிறவர், கடைக்காரர் தந்த "அரை"யை நாளைக்கு இரண்டு வேளை போட்டுக்கொண்டிருப்பார்.

திட்டத் தோன்றும். திட்டினால் என்ன ஆகும் என்பதும் தெரியும். "டாக்டர் கண்டபடி ஏசிட்டாரு" என்று பஸ் ஸ்டாண்டு குப்பைத்தொட்டியில் பொட்டலத்தை வீசிவிட்டு பஸ் ஏறுவார். நாலைந்து நாளில் தலைசுற்றல், வாந்தி, எழுந்து நிற்க முடியாத அளவுக்கு ரத்த அழுத்தம் இறங்கிப் போய், ஆஸ்பத்திரியில் கொண்டுவந்து சேர்ப்பார்கள். நம் சிறுநீரகங்களின் மேல் தொப்பிபோல உட்கார்ந்திருக்கும் சுரப்பிகள் தினமும் இதே வகைச் சரக்கைச் சுரக்கின்றன. சுமார் 5 மில்லிகிராம் பிரெட்னிசலோனுக்கு ஈடான அளவு. அதற்கு மேல் வெளியிலிருந்து மூன்று வாரத்துக்கு மேல் வந்துகொண்டிருந்தால் அவை சோம்பிப் போகும். எங்கள் ஊர்க்காரர்களிடம் இப்படிச் சொல்வேன்: லாரித் தண்ணீர் வருகிறதென்று கிணற்று மோட்டாரைக் கழற்றி வைத்துவிட்டீர்கள், லாரி நின்ற அன்றைக்கே கிணற்றிலிருந்து தண்ணீர் ஏறாது. மோட்டாரை மாட்டி, தூர் எடுத்து, கொஞ்சம் கொஞ்சமாகத்தான் ஏற்ற வேண்டும். வானம் பார்த்த பூமிக்காரர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவைப்படுவதில்லை.

கடைக்காரரை மட்டும் குறை சொல்லி என்ன பயன்? மருந்து வேலை செய்கிறது. "மூணே நாள்ல எந்திரிச்சு நடந்தேன் சார்" என்று அவர்கள் சொல்வது பொய்யில்லை. 1948 செப்டம்பரில் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் பிலிப் ஹென்ச் என்ற மருத்துவர், முடக்குவாதத்தால் படுக்கையோடு கிடந்த 29 வயதுப் பெண்ணுக்கு முதன்முதலில் இந்த வகை மருந்தை ஊசியாகப் போட்டார். சில நாளில் நடந்தார். ஒரு வாரத்தில் கடைவீதிக்குப் போய்வந்தார். 1950இல் ஹென்ச்சுக்கும் உடன் உழைத்த கெண்டலுக்கும், தனியே ஆய்வு செய்த ரைக்ஸ்டைனுக்கும் நோபல் பரிசு. கன்னம் உப்புவதும் எலும்பு கரைவதும் மனம் பேதலிப்பதும் அதற்குள்ளாகவே தெரியத் தொடங்கிவிட்டன. மருத்துவ உலகத்தின் மயக்கம் சில வருடத்தில் தெளிந்தது. எங்கள் பக்கத்தில் 2006 சிக்குன்குனியாவுக்குப் பிறகு மாதக்கணக்கில் மூட்டு வீங்கிக் கிடந்தவர்கள் அந்த முதல் வாரத்து அதிசயத்தைப் பொட்டலத்தில் கண்டுகொண்டார்கள். சிலர் இன்னும் விடவில்லை.

ஸ்டீராய்டிலிருந்து ஆளை மீட்கிற மருந்துக்கும் நமக்கும் உறவு உண்டு. சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த எல்லாப்பிரகடா சுப்பாராவ், கதர் உடுத்தியதால் பேராசிரியரின் கோபத்துக்கு ஆளாகி, எம்.பி.பி.எஸ். கிடைக்காமல் எல்.எம்.எஸ். பட்டத்தோடு அமெரிக்கா போனவர். லெடர்லி ஆய்வகத்தில் அவர் தலைமையில் உருவான மருந்து வரிசையில் வந்தது மெத்தோட்ரெக்சேட். ஹென்ச்சின் நோயாளி எழுந்து நடப்பதற்கு ஒரு மாதம் முன்பே, 1948 ஆகஸ்டில், சுப்பாராவ் காலமாகிவிட்டார். ரத்தப் புற்றுக்கு வந்த மருந்தை மிகச் சிறிய அளவில் வாரத்துக்கு ஒரே ஒரு நாள் கொடுத்தால் முடக்குவாதம் அடங்கும் என்பது பின்னால் தெரிந்தது.

வாரத்துக்கு ஒரு நாள் என்பதில்தான் உயிர் இருக்கிறது. தவறித் தினமும் சாப்பிட்டால் வாயெல்லாம் புண்ணாகி, ரத்த அணுக்கள் இறங்கி, ஆளே போய்விடலாம். உடன் ஃபோலிக் ஆசிட் வேறொரு நாளில். இங்கிலாந்தில் முதலெழுத்தை வைத்து ஞாபகப்படுத்துகிறார்கள்: எம் என்றால் மண்டே, எஃப் என்றால் ஃபிரைடே. இந்த ஊரில் அதைவிட உறுதியான கணக்கு இருக்கிறது. சிறுவாச்சூர் மதுரகாளியம்மன் கோயில் வாரத்தில் திங்களும் வெள்ளியும்தான் நடை திறக்கும். "ஆத்தா கோயில் திங்கக்கிழமை மஞ்ச மாத்திரை, வெள்ளிக்கிழமை சத்து மாத்திரை, மத்த நாள்ல நடை சாத்தியாச்சு" என்று சொல்லிவிட்டால் எழுதப் படிக்கத் தெரியாதவர்கூடப் பிசகுவதில்லை. வேறு கம்பெனி மாத்திரை வந்தால் நிறம் மாறும் என்பதால் உறையின் மேல் கிழமையையும் எழுதிவிடுகிறேன்.

இந்த மருந்து பிடிக்க ஆறு முதல் எட்டு வாரம் ஆகும். அதுவரை தாக்குப்பிடிக்கச் சின்ன அளவில் ஸ்டீராய்டு கொடுக்கலாமா என்பதில் பெரியவர்களுக்குள்ளேயே கருத்து வேறுபாடு. அமெரிக்கச் சங்கத்தின் 2021 வழிகாட்டி முடிந்தவரை தொடங்காதே என்கிறது. ஐரோப்பியர்கள் கொடு, ஆனால் சீக்கிரம் எடுத்துவிடு என்கிறார்கள். நான் இதில் ஐரோப்பியக் கட்சி. அன்றாடக் கூலியை நம்பி இருக்கிறவரிடம் எட்டு வாரம் பொறு என்றால் அவர் போய் நிற்பது மருந்துக்கடை வாசலில். அங்கே வாங்குவதை நானே, அளவும் முடிவு தேதியும் போட்டு எழுதித் தருவது மேல்.

முடிவு தேதி என்றேன். "எப்போ நிறுத்தலாம், சார்?" என்பதுதான் எல்லாக் கேள்வியையும் விடப் பெரிய கேள்வி. முதல் நாளே அதற்குப் பதில் சொல்லாவிட்டால் அவர்களாகவே ஒரு நாளைக் குறித்துக்கொள்வார்கள். வலி போன நாள், கல்யாணத்துக்கு முந்தின நாள், விரதம் தொடங்கும் நாள், அம்மை போட்ட நாள்.

அம்மையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். பங்குனி, சித்திரையில் சின்னம்மை சுற்றும். வீட்டு வாசலில் வேப்பிலை கட்டிவிட்டால் தாளிப்பு கிடையாது, கறி கிடையாது, மருந்தும் கிடையாது. தலைக்குத் தண்ணீர் ஊற்றுகிற வரை அப்படித்தான். மற்றவர்களுக்கு இது பெரும்பாலும் தானாக இறங்கிவிடும். ஸ்டீராய்டு சாப்பிடுகிறவருக்கு இரட்டை ஆபத்து: எதிர்ப்பு குறைந்த உடம்பில் அம்மை நுரையீரல்வரை இறங்கலாம். அதே நேரம், உடம்புக்கு அதிக ஸ்டீராய்டு தேவைப்படுகிற காய்ச்சல் நாட்களில் மாத்திரையை அடியோடு நிறுத்தியிருப்பார். ஆகவே சீட்டு எழுதும்போதே சொல்லிவிடுகிறேன். வேப்பிலை கட்டுங்கள், படுக்கையில் பரப்புங்கள், கூழ் ஊற்றுங்கள், ஒன்றுக்கும் நான் குறுக்கே வரவில்லை. திங்கட்கிழமை மாத்திரையை நிறுத்துங்கள். வெள்ளை மாத்திரையை நிறுத்தாதீர்கள். முதல் கொப்புளம் கண்ட அன்றைக்கே வாருங்கள், ஏசைக்ளோவிர் முதல் நாளில் தொடங்கினால்தான் பலன் அதிகம்.

குன்னம் பக்கத்திலிருந்து வந்த ஒரு மாமியார் இதைக் கேட்டுவிட்டு முகத்தைச் சுளித்தார். "ஆத்தா வந்திருக்கறப்ப மருந்து குடுத்தா கோவிச்சுக்க மாட்டாளா?" சுரப்பி கதையைச் சொன்னேன். உடம்பில் ஊற வேண்டியது ஊறவில்லை, அதற்கு ஈடாகத்தான் கொடுக்கிறோம் என்றேன். யோசித்துவிட்டு மருமகளைப் பார்த்துச் சொன்னார்: "அப்ப அது மருந்தில்லடி. சோறு." எந்த மருத்துவ மாநாட்டிலும் இதைவிடச் சுருக்கமாக யாரும் சொல்லிக் கேட்டதில்லை.

மற்றக் கேள்விகளுக்கு இவ்வளவு பாடு இல்லை. "மாத்திரை சூடா?" வயிற்றைப் பிடிக்கும், காலையில் சாப்பிட்ட பிறகு போடுங்கள், ராத்திரி போட்டால் தூக்கம் வராது. "கத்திரிக்கா, கருவாடு சேத்துக்கலாமா?" சேர்க்கலாம், கருவாட்டு உப்புதான் உதவாது. "முடக்கத்தான் தோசை?" தாராளமாக. "சிமெண்டு தூசியாலயா சார் வந்துச்சு?" இது அரியலூர்க்காரர் கேள்வி. சுண்ணாம்புக்கல் தூசியின் மேல் பழி போட ஆதாரம் இல்லை. கருங்கல் உடைக்கிற கிரஷரில் பறக்கும் சிலிக்கா தூசி முடக்குவாதத்துக்கான வாய்ப்பைக் கூட்டும், பீடி அதற்குத் துணை. "கறுப்புப் பூஞ்சை வருமா?" 2021 மே மாதத்தில் தமிழக அரசே அதை அறிவிக்கை செய்ய வேண்டிய நோயாக அறிவித்ததிலிருந்து இந்தப் பயம் போகவில்லை. கட்டுமீறிய சர்க்கரையும் பெரிய அளவு ஸ்டீராய்டும் சேர்ந்த இடத்தில்தான் அது அதிகம் முளைத்தது.

சர்க்கரை விஷயத்தில் ஒரு கண்ணி இருக்கிறது. காலையில் போட்ட பிரெட்னிசலோன் மத்தியானத்துக்கு மேல்தான் சர்க்கரையை ஏற்றும். வெறும் வயிற்றில் 98 என்று காட்டுகிறவருக்கே மதியச் சோற்றுக்குப் பிறகு 260 இருக்கலாம். "சுகர் நார்மல்" என்று காலை ரிப்போர்ட்டைக் காட்டினால் நான் ஏற்பதில்லை.

அவர்கள் கேட்காத, நான் கேட்கிற கேள்விகளும் உண்டு. முன்பு டி.பி. வந்ததா, வீட்டில் யாருக்காவது வந்ததா? வெங்காயக் காட்டில் செருப்புப் போட்டு வேலை செய்கிறீர்களா? மண்ணிலிருந்து பாதத் தோல் வழியாக ஏறுகிற ஒரு நூல்புழு வருடக்கணக்கில் குடலில் சத்தமில்லாமல் இருக்கும். ஸ்டீராய்டு கிடைத்தால் பெருகி உடம்பெங்கும் பரவும். பெரிய அளவில் தொடங்குவதற்கு முன் புழு மாத்திரை கொடுப்பது இதனால்தான். பெரம்பலூர்ச் சின்ன வெங்காயம் விளைகிற மண்ணில் இதை மறக்க முடியாது.

உடம்பின் எதிர்ப்பு சக்தி உடம்பையே தாக்குகிற லூபஸ் நோய் வந்த பெண்களோடு பேசுவது தனி. சிறுநீரகத்தைத் தொட்டுவிட்டால் அங்கே சின்ன அளவெல்லாம் உதவாது. அம்மா கேட்பார்: "முகம் ஊதிருமா? பொண்ணு பாக்க வர்றாங்க." அளவு குறையக் குறைய வீக்கம் மாதங்களில் வடியும் என்பேன். பிறகு அம்மாவை வெளியே உட்காரச் சொல்லிவிட்டுப் பெண்ணிடம் பேசுவேன், ஏனென்றால் மாத்திரையை ஒளித்துவைத்து நிறுத்துவது அவள்தான். அவளுக்கு வேறு கேள்வி இருக்கும்: "கொழந்தைக்குப் போகுமா, சார்?" தாய் சாப்பிடும் பிரெட்னிசலோனில் பெரும்பகுதியை நஞ்சுக்கொடியே செயலிழக்கச் செய்துவிடும், பத்தில் ஒரு பங்குதான் குழந்தையை எட்டும். லூபஸுக்குக் கொடுக்கிற ஹைட்ராக்சிகுளோரோகுயினை நிறுத்தவே கூடாது. ஆனால் சில மருந்துகளைக் கரு உண்டாவதற்கு முன்பே மாற்ற வேண்டும். ஆகவே நோய் ஆறு மாதமாவது அடங்கியிருக்கும் நேரமாகப் பார்த்து, எங்களிடம் சொல்லிவிட்டுத்தான் குழந்தை.

குறைக்கிற வேலைக்குத்தான் பொறுமை வேண்டும். 10 மில்லிகிராம் வரை ஓரளவு வேகமாக வந்துவிடலாம். அதற்குக் கீழே மாதத்துக்கு ஒன்றோ ஒன்றரையோ. இங்கே 1 மில்லிகிராம் மாத்திரை தேடினால் கிடைக்காது. 5 மாத்திரையைப் பாதியாக்கி, ஒருநாள் முழுசு, ஒருநாள் பாதி என்று தினசரி காலண்டர் தாளில் குறித்துக் கொடுக்கிறேன். குறைத்த முதல் வாரம் உடம்பெல்லாம் அடித்துப் போட்டதுபோல் வலிக்கும். நோய் திரும்பிவிட்டதோ என்று பயந்து பழைய கடைக்கு ஓடுவது அந்த வாரத்தில்தான். மூட்டு வீங்காமல் சதை மட்டும் வலித்தால் பொறுங்கள், வீங்கினால் வாருங்கள் என்று முன்கூட்டியே சொன்னால் பாதிப் பேர் தாண்டிவிடுகிறார்கள். எல்லாரையும் பூஜ்ஜியத்துக்குக் கொண்டுவர முடிவதில்லை. சில வயதானவர்கள் 5 மில்லிகிராமில் நின்றுவிடுகிறார்கள், சுண்ணாம்புச் சத்தும் எலும்பு மாத்திரையும் கண் பரிசோதனையும் கூடவே போகின்றன.

அவர்களுக்கெல்லாம் ஒரு சின்ன அட்டை எழுதித் தருகிறேன்: இவர் நெடுநாளாக ஸ்டீராய்டு எடுப்பவர், திடீரென நிறுத்தக் கூடாது, மயங்கியிருந்தால் ஹைட்ரோகார்ட்டிசோன் ஊசி போடவும். திருச்சி–சென்னை நெடுஞ்சாலையில் அடிபட்டு நினைவில்லாமல் போகிறவரின் பொட்டலம் பேசாது. மருந்துப் பைக்குள் வைத்தால் அட்டை வீட்டிலேயே தங்கிவிடுகிறது. ஆதார் அட்டை உறைக்குள் செருகச் சொல்கிறேன். ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும்போது எதை விட்டாலும் காப்பீட்டுக்குக் கேட்பார்கள் என்று அதை மட்டும் யாரும் விடுவதில்லை.