சட்டைக்கு விசா வேண்டாம்!

மண்ணூர்பேட்டை எங்கே இருக்கிறது என்று கேட்பவர்களுக்கு: பாடி மேம்பாலத்தில் இறங்கி எம்.டி.ஹெச். ரோட்டில் அம்பத்தூரைப் பார்க்கப் போனால், 'ஸ்டாப்பிங் வந்துடுச்சா?' என்று கண்டக்டரிடம் கேட்க வாயைத் திறப்பதற்குள் வந்துவிடும். வீடுகள், மளிகைக் கடை, டிபன் கடை, லேத்துப் பட்டறை எல்லாம் தோளோடு தோள் இடித்துக்கொண்டு நிற்கும். பக்கத்திலேயே 1964-ல் ஆரம்பித்த அம்பத்தூர் தொழிற்பேட்டை. ஸ்க்ரூ முதல் சாஃப்ட்வேர் வரை அங்கே தயாராகும். ஷிஃப்ட் விடுகிற நேரத்தில் மட்டும் ரோட்டைக் கடக்க நினைக்காதீர்கள். நீங்கள் அந்தப் பக்கம் போய்ச் சேர்வதற்குள் ஆபீஸில் உங்களுக்கு ரிடையர்மென்ட் பார்ட்டி முடிந்திருக்கும்.

இந்தப் பேட்டைக்கு இன்னொரு விசேஷமும் உண்டு. ஏற்றுமதிக்குத் துணி தைக்கும் தொழிற்சாலைகள். சாப்பாட்டுப் பையோடு வேனில் வந்து இறங்கும் பெண்கள், காலர் ஒருத்தி, கை ஒருத்தி, காஜா ஒருத்தி என்று பங்கு போட்டுத் தைக்கிறார்கள். சட்டைகள் அட்டைப் பெட்டியில் ஏறி, கப்பல் பிடித்து அமெரிக்கா, ஐரோப்பா என்று போய்விடுகின்றன. விசா இன்டர்வியூ கிடையாது. 'பேங்க் பாலன்ஸ் எவ்வளவு? எப்போது திரும்புவாய்?' என்று எந்தச் சட்டையையும் யாரும் கேட்பதில்லை.

ஆனால் அதே ஊரிலிருந்து ஒரு மனுஷன் வெளிநாடு கிளம்பினால், முதல் கவலையே சட்டைதான்!

என் மச்சினனுக்கு அந்தக் கவலை வந்தது. மண்ணூர்பேட்டையில்தான் வீடு. எஸ்டேட்டில் டூல் ரூம் வேலை. புது மெஷின் ஒன்றைப் பழகிவர, நவம்பரில் இரண்டு வாரம் ஜெர்மனிக்கு அனுப்புகிறார்கள். ஊர், ஸ்டட்கார்ட். டிக்கெட், விசா, ரூம் எல்லாம் கம்பெனி செலவு.

"வேலை நேரத்துக்கு யூனிஃபார்ம் இருக்கு மாமா. சாயங்காலம், ஞாயித்துக்கிழமைல்லாம் என்னத்த போடறது?" என்று ஒரு லிஸ்ட்டை நீட்டினான். லெதர் ஜாக்கெட் ஒன்று. முழங்காலில் கிழிந்த ஜீன்ஸ் இரண்டு. கூலிங் கிளாஸ். நெஞ்சில் 'நியூயார்க்' என்று எழுதிய பனியன்.

"ஜெர்மனிக்குப் போறவனுக்கு எதுக்குடா நியூயார்க்?"

"ஒரு ஃபாரின் லுக் வேணாமா மாமா?"

பி.காம். படித்தவன் கையில் லிஸ்ட் கிடைத்தால் சும்மா இருப்பானா? கூட்டிப் பார்த்தேன். அவனுடைய ஒரு மாசச் சம்பளத்தைத் தாண்டியது. "பணம்?" என்றேன். பதில் உள்ளேயிருந்து வந்தது, மாமியாரின் குரலில்: "சீட்டு எடுத்த பணம் இருக்கு மாப்ளே. என் கண்ணு ஆபரேஷன் எங்கே ஓடிடப் போவுது? புள்ள நாலு பேர் மதிக்கிற மாதிரி போவட்டும்."

அதற்கப்புறம் அந்த லிஸ்ட்டைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வரவில்லை.

பையனை அந்தத் தெருக்கோடி டெய்லர் மாஸ்டரிடம் அழைத்துப் போனேன். எக்ஸ்போர்ட் கம்பெனியில் பல வருஷம் கட்டிங் மாஸ்டராக இருந்தவர். இப்போது வாசலில் ஒரு மெஷின் போட்டு ஆல்டரேஷன் செய்கிறார். வெளிநாடு போனதில்லை. ஆனால் வெளிநாட்டுக்காரன் எந்த மாசத்தில் எதைப் போடுவான் என்பது அவருக்கு அத்துப்படி. கோடையில் அவன் போடுவதைக் குளிர்காலத்திலேயே இங்கே வெட்டியாக வேண்டுமே!

லிஸ்ட்டைப் படித்துவிட்டு, "தம்பி, நவம்பர்ல அங்க எவ்ளோ டிகிரி?" என்றார்.

"அஞ்சாறுதான் இருக்கும்னாங்க மாஸ்டர்."

"அப்ப முட்டியில ஓட்டை எதுக்கு? காத்து வரவா?"

சென்னையில் இருபது டிகிரிக்கே மங்கி குல்லா தேடுகிற ஜாதி நாம். ஐந்து டிகிரிக்கு அவர் சொன்ன கணக்கு இதுதான். தடியாக ஒன்றைப் போடுவதைவிட மெல்லிசாக மூன்று அடுக்குப் போடுவது மேல். அடுக்குகளுக்கு நடுவே நிற்கும் காற்றுதான் உடம்புச் சூட்டைப் பிடித்து வைக்கும். உடம்பை ஒட்டி தெர்மல், அதன்மேல் கம்பளி ஸ்வெட்டர், அதற்கும் மேலே காற்றும் மழையும் புகாத ஜாக்கெட். கட்டிடத்துக்குள் ஹீட்டர் ஓடும்போது ஒவ்வொன்றாகக் கழற்றிக்கொள்ளலாம். உள்ளே பருத்தி பனியன் மட்டும் போட்டால், வேர்வையைக் குடித்து ஈரமாகி, அதுவே குளிரடிக்கும். ஜீன்ஸ் நனைந்தால் சீக்கிரம் காயாது. மடித்து வைத்தால் பெட்டியில் பாதியை அதுவே சாப்பிடும்.

"சரி மாஸ்டர், குளிருக்கு ஆச்சு. ஸ்டைலுக்கு?" என்று விடவில்லை மச்சினன்.

மாஸ்டர், தான் கட்டியிருந்த கட்டம் போட்ட லுங்கியைத் தட்டிக் காட்டினார். "இதுக்கு வெளிநாட்டுல என்ன பேரு தெரியுமா? மெட்ராஸ்!"

தமாஷ் இல்லை. மெல்லிய பருத்தியில் கலர் கலராகக் கட்டம் போட்ட துணிக்கு உலகச் சந்தையில் இன்றைக்கும் 'மெட்ராஸ்' என்றுதான் பெயர். ஊர் பெயரை 1996-ல் மாற்றினோம், துணி மாற்றிக்கொள்ளவில்லை. 1639-ல் கிழக்கிந்தியக் கம்பெனியின் பிரான்சிஸ் டே இந்தக் கடற்கரையில் இடம் பிடித்ததற்கே, இந்தப் பக்கத்தில் பருத்தித் துணி மலிவு என்பது ஒரு முக்கியக் காரணம். இங்கே கோட்டையில் கவர்னராக இருந்த எலிஹு யேல், 1718-ல் அமெரிக்கக் கல்லூரி ஒன்றுக்குப் புத்தகங்களோடு ஒன்பது மூட்டைச் சரக்கும் அனுப்பினார். சரக்கை விற்றதில் 500 பவுனுக்கு மேல் கிடைத்தது. அந்த நன்றிக்குத்தான் இன்றைய யேல் பல்கலைக்கழகத்துக்கு அவர் பெயர்!

அதைவிட ருசியான கதை 1958-ல் நடந்தது என்பார்கள். நியூயார்க் வியாபாரி வில்லியம் ஜேக்கப்சன், பிற்காலத்தில் லீலா ஹோட்டல்களைக் கட்டிய கேப்டன் சி.பி.கிருஷ்ணன் நாயரிடம் கட்டம் போட்ட மெட்ராஸ் துணி வாங்கினார். அது ப்ரூக்ஸ் பிரதர்ஸ் கடையில் சட்டையாகவும் டிரவுசராகவும் தொங்கியது. பச்சைத் தண்ணீரில் தனியாகத் துவைக்க வேண்டும் என்ற சமாசாரத்தை மட்டும் யாரும் சொல்லவில்லை. அமெரிக்கர்கள் வாஷிங் மெஷினில் போட்டார்கள். சாயம் போய்விட்டது. நம் ஊராக இருந்தால் கடைக்காரர் சட்டையைப் பிடித்திருப்போம். அங்கே விளம்பரக்காரர்கள் புகுந்து, 'சாயம் போகும் என்பதற்குக் கேரண்டி!' என்று அதையே பெருமையாக விளம்பரம் செய்துவிட்டார்கள். ஒவ்வொரு சலவைக்கும் புதுக் கலர் என்று காலேஜ் பையன்கள் தேடி வாங்கினார்கள்.

2018-ல் ஜாரா நிறுவனம் பிரிட்டனில் ஒரு ஸ்கர்ட் விற்றது. அச்சு அசல் நம்ம கைலி. விலை 69.99 பவுன்! நாம் வாசலுக்குப் பால் வாங்கக் கட்டிக்கொண்டு போவதை அவர்கள் பார்ட்டிக்குப் போட்டுக்கொண்டு போகிறார்கள். பர்மாவில் ஆபீசுக்கே லுங்கிதான். பெர்முடாவில் அரை டிரவுசருக்கு மேலே கோட்டும் டையும் போட்டு, முழங்கால் வரை சாக்ஸ் இழுத்துக்கொண்டு ஆபீஸ் போகிறார்கள். நாமோ, 2014 ஜூலையில் வேட்டி கட்டி வந்த ஹைகோர்ட் நீதிபதியையே சேப்பாக்கத்தில் ஒரு கிளப்புக்குள் விடவில்லை. அடுத்த மாதமே வேட்டிக்குத் தடை போடக் கூடாது என்று சட்டசபையில் சட்டம் கொண்டுவர வேண்டியதாயிற்று.

ஆக, நம் உடுப்பை மட்டமாகப் பார்ப்பவர் பெரும்பாலும் நம் ஆள்தான். வெளியூர்க்காரர்களுக்கு அதைப் பார்க்க நேரமில்லை.

அதற்காக எதை வேண்டுமானாலும் போடலாம் என்று அர்த்தமில்லை. உடுப்புக்கு விசா வேண்டாமே தவிர, சில இடங்களில் கேட்டில் நிறுத்துவார்கள். பாங்காக் அரண்மனையிலும், ரோமில் செயின்ட் பீட்டர்ஸ் தேவாலயத்திலும் அரை டிரவுசர், கையில்லாத பனியன் ஆகாது. யாழ்ப்பாணம் நல்லூர் கந்தசாமி கோயிலில் இதற்கு நேர்மாறு. ஆண்கள் சட்டையைக் கழற்றினால்தான் உள்ளே போகலாம். பிரான்ஸில் பொது நீச்சல் குளங்களில் தொளதொள டிரவுசரோடு இறங்க விடமாட்டார்கள். பார்படோஸ், ஜமைக்கா, டிரினிடாட் பக்கம் கிரிக்கெட் பார்க்கப் போகிறவர்கள் மிலிட்டரிப் புள்ளி போட்ட பேன்ட்டை வீட்டிலேயே வைத்துவிடுங்கள். அங்கே ராணுவத்தைத் தவிர வேறு யாரும் அதைப் போடுவது சட்டப்படி குற்றம்.

மாஸ்டரும் நானும் சேர்ந்து லிஸ்ட்டைத் திருத்தினோம். தெர்மல் இரண்டு செட். ஸ்வெட்டர் ஒன்று. மழைக்குத் தாங்கும் ஜாக்கெட். அதை ஏற்கெனவே குளிர் நாட்டுக்குப் போய்வந்த சக தொழிலாளியிடம் இரவல் வாங்கிக்கொண்டான். ஓட்டை இல்லாத பேன்ட் இரண்டு, வீட்டில் இருப்பதே. ஷூ மட்டும் நல்லதாக ஒன்று. அதையும் பத்து நாள் முன்னாலேயே போட்டு நடந்து பழக வேண்டும். புது ஷூவுக்கு ஜெர்மனி, மண்ணூர்பேட்டை என்ற பேதமெல்லாம் கிடையாது, எங்கேயும் கடிக்கும். ராத்திரிக்கு ரூமில் கட்ட ஒரு லுங்கி. மொத்தச் செலவு பழைய லிஸ்ட்டில் கால் பங்குகூட வரவில்லை.

மச்சினனுக்குக் கொஞ்சம் வருத்தம்தான். "பிராண்டா ஒண்ணுகூட இல்லியே மாஸ்டர்?"

"தம்பி, அந்த லேபிளை ஆயிரக்கணக்குல தெச்சவன் நானு. லேபிளை உள்பக்கம்தான் வெப்போம். வெளிய தெரியறது தையலு மட்டும்தான்" என்றார்.

போன மூன்றாம் நாள் ராத்திரி போன் செய்தான். குளிர் எப்படி, சாப்பாடு எப்படி என்றெல்லாம் கேட்ட பிறகு, "டிரெஸ்ஸைப் பத்தி யாராவது ஏதாவது சொன்னாங்களா?" என்றேன்.

"யாரும் ஒண்ணும் கண்டுக்கல மாமா. நான் போட்ட ஜாப்பைத்தான் திருப்பித் திருப்பிப் பாத்தாங்க. அளவு கரெக்டா வந்திருக்குன்னு ட்ரெய்னர் தோள்ல தட்டினாரு."

மாமியாருக்குப் போன மாசம் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. கட்டைப் பிரித்து வீட்டுக்கு வந்ததும், மகன் ஸ்டட்கார்ட் ரூமில் லுங்கியோடு நின்று எடுத்த போட்டோவைத் தானே கையில் வாங்கி, கண்ணாடி இல்லாமல் உற்றுப் பார்த்தார்.

"அவ்ளோ தூரம் போனவன், இஸ்திரி போட்ட லுங்கியா எடுத்துக்கிட்டுப் போயிருக்கக் கூடாது?" என்றார்.

பார்வை பளிச்சென்று வந்துவிட்டது என்று டாக்டர் சொன்னதை அப்போதுதான் நம்பினேன்.