பளிங்குப் பாறை தந்த பாடம்

ஊரிலிருந்து உறவினர் வந்துவிட்டால் ஜபல்பூர்த் தமிழர் வீடுகளில் எழும் முதற்பேச்சு, “பேடாகாட் போவது எந்த ஞாயிற்றுக்கிழமை?” என்பதே. பம்பாய் இருப்புப்பாதையும் கல்கத்தா இருப்புப்பாதையும் 1870-ஆம் ஆண்டு வந்து இணைந்த ஊர் இது. இரயில்வேயையும் படைக்கலத் தொழிற்சாலைகளையும் நம்பி வந்து தங்கிய நம்மவர்க்கு நர்மதையே காவிரி.

நகரிலிருந்து 20, 25 கிலோமீட்டர் சென்றால் துவாந்தார் அருவியின் முழக்கம் கேட்கும். விழுகின்ற நீரின் திவலை புகைபோல் மேலெழுவதால் வந்த பெயர் அது. அதற்குக் கீழே சுமார் 3 கிலோமீட்டர் தொலைவுக்கு, பளிங்குப் பாறைகளை அறுத்துக்கொண்டு ஆறு செல்கிறது. இருமருங்கும் 100 அடி அளவுக்குச் சுவர்போல் நிற்கும் அப்பாறைகள் காலையில் ஒரு நிறம், மாலையில் ஒரு நிறம் காட்டும். பஞ்சவடித் துறையில் படகேறினால் அவற்றினிடையே சென்று வரலாம். மழைக்காலத்தில் படகு இல்லை; வெள்ளம் பெருகினால் அருவியே ஆற்றுக்குள் மறைந்துவிடும்.

சென்ற மார்கழியில் ஐந்து குடும்பத்தார் சேர்ந்து அங்கே சென்றோம். எல்லோரும் படமெடுப்பதில் ஆர்வமுள்ளவர்கள். எவரும் முறையாகக் கற்றவரல்லர். சிலரிடம் காமிரா, மற்றவரிடம் கைப்பேசி. எடுத்த படங்களை மறு ஞாயிறு ஒரு வீட்டில் கூடி, தொலைக்காட்சித் திரையில் ஒவ்வொன்றாகப் பார்த்துக் கருத்துக் கூறுவது வழக்கம். உண்மையைச் சொன்னால் அது கருத்தன்று. வேண்டியவர் படமென்றால் “பிரமாதம்”. மற்றதென்றால் “இன்னும் நன்றாக எடுத்திருக்கலாம்”. அவர்களுக்குள் முதலில் காமிரா வாங்கியவர் என்பதால் ஆசிரியர் பீடம் நமக்கே என்றும் எண்ணிக்கொண்டிருந்தோம்.

அன்று அடுத்த குடியிருப்புப் பெண்மணி ஒருவரின் படம் வந்தது. கம்பித் தடுப்பருகே வேட்டி கட்டிய முதியவர் ஒருவரின் முதுகு, எதிரே வெண்புகை. அருவி படத்திலேயே இல்லை. படமும் சற்றுச் சாய்ந்திருந்தது. “அருவிக்குப் போய் அருவியை விட்டுவிட்டீர்களே, தங்கச்சி!” என்றோம். எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். அடுத்த கூட்டத்திற்கு அவர் வரவில்லை.

காரணம் பின்னர்தான் தெரிந்தது. அம்முதியவர் அவருடைய மாமனார். முப்பது ஆண்டுகளுக்கு மேல் தொழிற்சாலையில் உழைத்து ஓய்வு பெற்றவர்; கும்பகோணத்துக்கே திரும்பிவிட முடிவு செய்திருந்தார். நர்மதையை அவர் கடைசியாகப் பார்த்து நின்ற பொழுது அது. “நான் அருவியை எடுக்கவில்லை அண்ணா; மாமாவைத்தான் எடுத்தேன்” என்று அவர் சொன்னபோது நமக்குத் தலை நிமிரவில்லை. நாம் அவர் படத்தைப் பார்க்கவே இல்லை. நாம் எடுத்திருக்கக்கூடிய படத்தைத் தேடி, அது காணவில்லையென்று குறை சொன்னோம்.

மாசியில் மீண்டும் படகேறினோம். அங்குள்ள படகோட்டிகள் எதுகை நயத்துடன் இந்தியில் வருணனை சொல்லிக்கொண்டே துடுப்புப் போடுவதில் பேர்போனவர்கள். நம் படகோட்டியோ ஒரு பாறையைக் காட்டி, “உங்களுக்கு இது எதுவாகத் தெரிகிறது?” என்று முதலில் கேட்டார். ஒருவர் யானை என்றார். ஒரு குழந்தை பாட்டி என்றது. பிறகே தமக்குத் தெரிந்ததைச் சொன்னார். பிறர் படத்தைப் பார்க்கும் முறை அதுவே என்று தோன்றிற்று.

இப்போது நம் கூட்டத்தில் மூன்று வழக்கங்கள் உண்டு. கண் முதலில் எங்கே சென்றது என்பதைச் சொல்வது. எடுத்தவர் எதைக் காட்ட விரும்பினார் என்று கேட்பது. பிறகு, அடுத்த முறை செய்யக்கூடிய ஒன்றைக் காரணத்தோடு கூறுவது. பளிங்கு அழுக்குப்போல் விழுந்திருந்தால், ‘மோசம்’ என்று சொல்வதில் பயனில்லை. வெண்மையையும் சாம்பல் நிறமாக்கிவிடுவது காமிராவின் இயல்பு. ஆகவே ஒளியை ஒரு படி கூட்டி எடுக்கவேண்டும் என்று சொன்னால் அவர் கற்றுக்கொள்வார். அருவியை ஒரு நொடியின் 500-இல் ஒரு பங்கில் எடுத்தால் துளிகள் உறைந்து நிற்கும். அரை நொடி திறந்து வைத்தால் நீர் பட்டுத் துணிபோல் தோன்றும். எது சரி? எடுத்தவர் கருத்தறியாமல் யார் சொல்ல முடியும்?

அப்பெண்மணி வீட்டுக்கு நாமே சென்று மன்னிப்புக் கேட்டோம். அப்படத்தை மீண்டும் பார்த்தோம். நம் கண் முதலில் சென்றது, கம்பியைப் பற்றியிருந்த கையில். அதைச் சொன்னபோது அவர் முகம் மலர்ந்தது. சாய்வை நிமிர்த்தலாம், மேலேயுள்ள வெறும் வெண்மையை வெட்டலாம் என்று இரண்டு யோசனை கூறினோம். முன்னதை ஏற்றார். “புகை இருக்கட்டும் அண்ணா, மாமா பார்த்துக்கொண்டிருந்தது அதைத்தானே” என்று பின்னதை மறுத்துவிட்டார். அவர் சொன்னதே சரி.

அச்சிட்ட படம் கும்பகோணம் போய்ச் சேர்ந்துவிட்டது. பங்குனியில் மறுபடியும் பேடாகாட் செல்கிறோம். அவரும் வருகிறார்.